சிக்கனம் யார் தலையில்?

நம் சங்கத்து அன்பர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் பேச்சு வெயில். இரண்டாவது பேச்சு விலைவாசி. நாக்பூரில் குடியிருக்கும் நமக்கு இந்த இரண்டுக்கும் பஞ்சமே கிடையாது. வெயிலைப் பற்றி நாம் செய்யக்கூடியது அதிகம் இல்லை. விலைவாசியைப் பற்றியும் அப்படித்தான். ஆனால் வீட்டுச் செலவு நம் கையில் இருக்கிறது. அதைக் குறைப்பதைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். ஒரு முறை அதைத் தவறாகச் செய்து, அதற்கு விலையும் கொடுத்தவன் நான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருச்சிப் பக்கத்துக்காரன். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் பெட்டிகளுக்கு அடியிலேயே காலம் தள்ளி, 2018ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இங்கேயே ஒரு சிறிய ஃபிளாட்டில் குடியேறினோம். மகள் திருமணமாகிப் புனேயில் இருக்கிறாள். வீட்டில் நானும் மனைவியும் மட்டும்.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் ஒரு வசதி, ஒரு கெடுதல். வாடகை, மின்சாரம் எல்லாவற்றையும் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். பிடித்தது எவ்வளவு என்று சம்பளச் சீட்டில் இருக்கும்; யார் பார்த்தது? ஓய்வு பெற்ற பிறகுதான் மின்கட்டண பில் என்று ஒன்றை முதன்முதலாகக் கையில் வாங்கி முழுதாகப் படித்தேன். கூடவே ஃபிளாட் பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி. வருவதோ கடைசிச் சம்பளத்தில் பாதி. அதிலும் ஒரு பகுதியைக் கம்யூட் செய்து மொத்தமாக வாங்கியாகிவிட்டது. 2019 ஏப்ரலில் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கை கடித்தது.

உடனே அதிகாரி புத்தி வேலை செய்தது. ஒரு 'சர்க்குலர்' போட்டேன். பால் ஒன்றரை லிட்டருக்குப் பதில் ஒரு லிட்டர். பாத்திரம் தேய்க்க வரும் பாயியை நிறுத்துவது. காய்கறி வாரத்துக்கு இவ்வளவுதான். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை கூலர் வேண்டாம்; மின்விசிறி போதும். இப்படி எட்டு அம்சங்கள். அன்று அந்தக் காகிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டியபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த எட்டு அம்சங்களில் ஒன்றுகூட என்னைத் தொடவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

மே மாதம் வந்தது. நாக்பூர் மே மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 45 டிகிரி இங்கே செய்தியே அல்ல. சங்கத்தின் ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்க உதவி கேட்டிருந்தார்கள். தினமும் பத்தரை மணிக்குக் கிளம்பி வந்து, நூலக அறையில் உட்கார்ந்து, நான்கு மணிக்கு மேல் வீடு திரும்புவேன். அந்த அறையில் பெரிய கூலர் ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். வெட்டிவேர்த் தட்டியில் ஈரக்காற்று கமகமவென்று வரும். அந்தக் காற்றில் உட்கார்ந்துதான் மற்றவர்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஒரு வவுச்சரை வீட்டில் மறந்துவிட்டு, அதை எடுக்க மதியம் இரண்டு மணிக்குப் போனேன். அழைப்பு மணிக்குப் பதில் இல்லை. சாவி போட்டுத் திறந்தால், மனைவி சமையலறைத் தரையில், தலையில் ஈரத் துண்டோடு சுருண்டு கிடக்கிறாள். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. கூப்பிட்டால் ஏதோ குழறுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் உதவியோடு அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வெயில் தாக்கு என்றார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்கள். இரண்டு நாள் சலைன் ஏறியது. கடவுள் புண்ணியத்தில் பிழைத்தாள்.

இரண்டாம் நாள் கண் தெளிந்ததும், "கூலரைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "நீங்கதானே எழுதி ஒட்டினீங்க. ஒரு ஆளுக்காக எதுக்குக் கரண்ட்டு செலவுன்னு நானும் விட்டுட்டேன்."

அன்று இரவு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் கூலர் சுமார் 180 வாட். ஐந்து மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு ஒன்பது ரூபாய். சர்க்குலர் அமலுக்கு வந்து பன்னிரண்டு நாட்கள். ஆகமொத்தம் நாங்கள் மிச்சம் பிடித்தது 108 ரூபாய். மருத்துவமனை பில் 11,400.

பணம் போனால் போகட்டும். முப்பத்தெட்டு ஆண்டுகள் கருவியில்லாமல் ஒரு போல்ட்டைக்கூட முடுக்காதவன், வீட்டு விஷயத்தில் எதையும் அளக்காமல், கைக்கு எட்டிய இடத்தில் வெட்டிவிட்டேனே என்ற வெட்கம்தான் இன்றுவரை போகவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு சோதனை உண்டு. ரயில் புறப்படும் முன் பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் ஏற்றுவோம். பிறகு காற்று வரும் வழியை அடைத்துவிட்டு, கையில் கடிகாரத்தோடு முள்ளைப் பார்ப்போம். ஒரு நிமிடத்தில் அளவுக்கு மேல் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். உடனே பெட்டி பெட்டியாக நடந்து, காதைக் கொடுத்துக் கேட்டு, சந்தேகப்பட்ட இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, கசியும் வாஷரை மாற்றுவோம். கசிவைத் தேடாமல், "காற்று போதவில்லை, பயணிகள் இரண்டு பெட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று யாரும் சொல்வதில்லை. நான் வீட்டில் செய்தது அதைத்தான்.

மனைவி தேறி எழுந்ததும் சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு முறையாக ஆரம்பித்தேன். அந்த அனுபவத்தில் பயன்படக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் குளிர்சாதனப் பெட்டி. 1997இல் வாங்கியது, "ராஜா மாதிரி ஓடுகிறது" என்று எல்லோரிடமும் பெருமையடித்த பெட்டி. ஒரு நாள் முழுக்கப் புனே போய்வர நேர்ந்தபோது, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்து, இதை மட்டும் விட்டுவிட்டு, மீட்டரைக் குறித்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து கணக்கிட்டால் 24 மணி நேரத்துக்கு 3.2 யூனிட். கதவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தேன். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தது. கதவின் ரப்பர் காஸ்கெட் செத்துவிட்டது. ரப்பரை மாற்றியதும் 2.4க்கு இறங்கியது. அந்தத் தீபாவளிக்குப் புதுப் பெட்டி வாங்கினோம், அது 0.8 யூனிட்டில் ஓடுகிறது. பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் நாளுக்கு 2.4 யூனிட், ஆண்டுக்கு 876 யூனிட். அதாவது, என் மனைவிக்கு நான் மறுத்த கூலர் காற்றைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் மின்சாரம், ஆண்டு முழுவதும், கூடத்து மூலையில் ஒரு பழைய ரப்பரின் வழியாகவும் பழைய கம்ப்ரஸரின் வழியாகவும் ஒழுகிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதனால் ஒரு சுகமும் இல்லை.

அடுத்தது மின்விசிறி. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தருகிறது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம் என்பதால் பெட்டியின் மேலேயே பார்த்து வாங்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு ஃபேன்கள் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகின்றன. அந்த இரண்டை மட்டும் மாற்றியதில் நாளுக்கு 1.35 யூனிட் மிச்சம். போட்ட பணம் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிட்டது. மாதத்துக்கு இரண்டு நாள் ஓடும் விருந்தினர் அறை ஃபேனை மாற்றவில்லை, அதில் லாபமில்லை. எது அதிகம் ஓடுகிறதோ அதை மாற்றுங்கள்.

கீசரைப் பலரும் காலையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். 15 லிட்டர் தண்ணீரை முப்பது டிகிரி சூடேற்ற அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாக ஆகும். 2000 வாட் கீசருக்கு இது கால் மணி நேர வேலை. அதற்கு மேல் அது போட்டபடி இருந்தால், சூட்டைக் காப்பதற்கு மட்டுமே மின்சாரம் போகிறது. ஒருவர் பின் ஒருவராகக் குளித்து முடித்து அணைத்துவிடுவதே சரி.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். மகாராஷ்டிராவில் வீட்டு மின்கட்டணம் 100, 300, 500 யூனிட் என்று படிப்படியாக ஏறுகிறது. 300ஐத் தாண்டிய யூனிட்டுக்கு விலை மிகவும் அதிகம். ஆகவே 340 யூனிட் செலவாகும் வீட்டில் நாற்பது யூனிட் குறைத்தால், குறைவது மிக விலையுயர்ந்த அந்த நாற்பதுதான். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜும் ஃபேனும் மாறிய பிறகு, மே மாதத்தில் கூலர் பகலெல்லாம் ஓடியும், பில் பழையதைவிடக் குறைவாகவே வந்தது.

தண்ணீர்: குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு டம்ளரை வைத்துப் பார்த்தேன். 150 மில்லி டம்ளர் இருபது நிமிடத்தில் நிரம்பியது. நாளுக்கு 72 டம்ளர், அதாவது பதினோரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வாஷர் மாற்றப் பத்து நிமிடம் போதும். மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றிய தண்ணீர் அல்லவா?

இதெல்லாம் மீட்டரில் தெரியும் கசிவுகள். மீட்டரில் தெரியாத கசிவு ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தது மகள். அம்மா உடம்பு தேறியதா என்று பார்க்க வந்தவள், என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இதுல கார் எங்கே?"

ஓய்வு பெற்ற கையோடு, கிராஜுவிட்டிப் பணத்தில் 5,20,000 ரூபாய்க்கு ஒரு கார் வாங்கியிருந்தேன். ஆயுள் முழுவதும் பாஸில் போனவனுக்குச் சொந்தமாக ஒரு வண்டி இருக்க வேண்டும் என்ற ஆசை. அதை நான் 'செலவு' என்று எழுதவே இல்லை, அது 'சொத்து'. மகள் உட்கார வைத்து எழுதினாள். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், பார்க்கிங் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 22,000. அந்த ஐந்து லட்சத்து இருபதாயிரத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால், 8 சதவீதம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 41,600 வட்டி வந்திருக்கும். அந்த இழப்பும் செலவுதானே. ஆக 63,600. அந்த ஆண்டில் வண்டி ஓடியது 1,300 கிலோமீட்டர். பெட்ரோல் நீங்கலாகவே கிலோமீட்டருக்கு 49 ரூபாய்! கோயிலுக்கும் சங்கத்துக்கும் ஆட்டோவில் ராஜாவாகப் போய் வந்திருக்கலாம். பாலில் அரை லிட்டரைக் குறைத்தவன் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது இது. 2020 ஜனவரியில் விற்றுவிட்டேன்.

அரை லிட்டர் பால் என்றேன் அல்லவா? அதையும் சொல்லிவிடுகிறேன். பால் குறைந்த பிறகும் எனக்குக் காபி, தயிர் எதிலும் குறை வந்ததில்லை. மனைவி மட்டும் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். கேட்டபோது, "எனக்கு இப்பல்லாம் இதுதான் பிடிக்குது" என்றாள். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நம்மவர் வீடுகளில் சிக்கனம் என்ற பேச்சு எழுந்ததும் முதலில் கை வைப்பது சமையலறையில். குறைப்பது பாலும் பழமும் வேலைக்காரியும். அதாவது, வீட்டிலுள்ள பெண்ணின் உணவும் ஓய்வும். பாயியை நிறுத்தினால் எண்ணூறு ரூபாய் மிச்சம் என்று எழுதினேனே, பாத்திரம் தேய்க்கும் வேலை நின்றா போயிற்று? அது அறுபதை நெருங்கிய ஒரு பெண்ணின் முட்டிக்கு மாறியது. அதைச் சேமிப்பு என்று சொல்லக் கூடாது. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் பற்று எழுதியதுதான். பெரிய செலவுகளோ பெரும்பாலும் நம் ஆண்களின் கையெழுத்தில் போகிறவை. வண்டி, கடன், கௌரவத்துக்குச் செய்யும் மொய், மண்டபம். அங்கே யாரும் சர்க்குலர் ஒட்டுவதில்லை.

நாக்கின் கௌரவமும் இதில் சேர்த்தி. பொன்னி அரிசிதான் வேண்டும் என்று ஊரிலிருந்து வரும் மூட்டைக்காகக் காத்திருந்து, கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சந்திரபூர் மாவட்டத்தில் தாதாஜி கோப்ரகடே என்ற எளிய விவசாயி தம் வயலிலேயே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய எச்.எம்.டி. அரிசி இங்கே கடைக்குக் கடை கிடைக்கிறது. மெல்லிய சன்ன ரகம். 2018இல் மறைந்த அந்த மனிதரின் அரிசியை நான் சாப்பிட ஆரம்பித்ததே அதற்கு அடுத்த ஆண்டில்தான். ரசத்துக்கும் மோருக்கும் ஒரு குறையும் இல்லை. விதர்பாவில் புதுத் துவரை வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆண்டுக்கு வேண்டிய பருப்பை மொத்தமாக வாங்கி, உள்ளூர்க்காரர்களைப் போல லேசாக ஆமணக்கெண்ணெய் தடவி, வெயிலில் காயவைத்து வைத்துக்கொள்கிறோம். காய்கறிக்கு வாரம் ஒரு முறை காட்டன் மார்க்கெட். பை தூக்குவது நான். விலை பேசுவது அவள். நாற்பது ஆண்டுகளாக இருக்கும் ஊரின் விளைச்சலைச் சாப்பிட இத்தனை காலம் ஆயிற்று எனக்கு.

ரயில்வேயில் எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்ப்பார்கள். பிரேக் கட்டையில் பார்க்கக் கூடாது. வீட்டுக்கும் பிரேக் கட்டைகள் உண்டு. மருந்து, பால், பழம், கண் பரிசோதனை, மே மாதத்துக் கூலர், அயர்ந்தபோது கைகொடுக்க ஓர் ஆள். இவற்றைத் தொடாதீர்கள். மீதியில் தேடுங்கள், நிச்சயம் கிடைக்கும்.

இப்போதும் கணக்குப் புத்தகம் எழுதுகிறேன். பழைய புத்தகத்தில் இரண்டே பத்திகள்: எதில் குறைத்தோம், எவ்வளவு மிச்சம். இப்போது மூன்றாவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன்: "யாருக்குச் சிரமம்?" அந்தப் பத்தியில் ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்தால், அந்த மாதச் சிக்கனம் செல்லாது. அந்தப் பத்தியை நிரப்புவது நான் அல்ல; மனைவி. சென்ற மாதம் என் பெயர் மூன்று முறை வந்திருக்கிறது. மூன்றாவது நேரக் காபியை விட்டதும் அதில் ஒன்று. பாயி திரும்ப வந்துவிட்டார்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இதழை மூடி வைத்ததும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். குழாயடியில் ஒரு டம்ளரை வையுங்கள். மீட்டரை ஒரு வாரம் குறித்து வாருங்கள். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக அறையில் என்னைக் கேட்கலாம்; வீட்டுக்கு வந்தும் பார்த்துத் தருகிறேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், வீட்டில் யார் எதை ஓசைப்படாமல் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். "எனக்கு இதுதான் பிடிக்குது" என்று பதில் வந்தால், இன்னொரு முறை கேளுங்கள்.